பதினாறு சதுர மீட்டருக்குப் பதினாறு மணி நேரம்

ஜெர்மனிக்குப் படிக்க வரப்போகிற தம்பி தங்கைகள் இன்பாக்ஸில் அடிக்கடி கேட்பது இது: "அண்ணா, ஜெர்மன்காரங்க வீட்ல தங்கலாமா, இல்ல நம்ம பசங்களோட ரூம் எடுத்துடலாமா?" கூடவே யாரோ கிளப்பிவிட்ட பயமும் வரும். "எல்லாத்துக்கும் கணக்குப் பார்ப்பாங்களாமே?"

பார்ப்பார்கள். அப்படி ஒரு வீட்டில் நான் இரண்டு வருடம் இருந்தேன். அந்தக் கணக்குதான் எனக்குப் பிடித்துப்போனது என்றால் யாரும் நம்புவதில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஃப்ரைபுர்கில். தென்மேற்கு மூலையில், கருங்காட்டு மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று நம்பிப் போனவனுக்கு முதல் அடி அங்கேயே விழுந்தது. அந்த ஊர் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. அடுத்த அடி வாடகை. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் போடுகிற பணம் மாதாமாதம் பிரித்துத்தான் கைக்கு வரும். இப்போதைய கணக்கில் வருடத்துக்கு 11,904, அதாவது மாதம் 992 யூரோ. நான் போனபோது அதைவிடக் குறைவு. அதில் அறை வாடகை போக மிச்சத்தில் சாப்பிட்டு, இன்சூரன்ஸ் கட்டி... சரி, அந்தப் புலம்பல் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அப்போதுதான் 'வோனென் ஃப்யூர் ஹில்ஃபே' பற்றிக் கேள்விப்பட்டேன். உதவி செய், வீட்டில் இரு என்கிற ஏற்பாடு. தனியாக இருக்கும் முதியவர்களும் சில குடும்பங்களும் ஒரு மாணவருக்கு அறை தருவார்கள். வாடகை கிடையாது. அறையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மாதம் ஒரு மணி நேரம் நாம் வீட்டு வேலை செய்ய வேண்டும். தண்ணீர், கரண்ட், ஹீட்டர் செலவை மட்டும் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். நோயாளியைப் பராமரிப்பது இதில் சேராது. ஃப்ரைபுர்கில் மாணவர் நல அமைப்பே இதை நடத்துகிறது. கொலோன், மியூனிக்கிலும் உண்டு. (குழந்தை பார்த்துக்கொள்ளும் 'ஓ பேர்' வேறு, அதற்கு விசாவே வேறு. குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

என் அறை 16 சதுர மீட்டர். வீட்டுக்காரம்மாவுக்கு வயது 84. சமையலறை ஆணியில் கட்டம் போட்ட நோட்டு ஒன்று தொங்கும். அன்றன்றைக்குச் செய்த வேலையை அதில் எழுத வேண்டும். புல் வெட்டியது ஒன்றரை மணி. கடைக்குப் போய் வந்தது முக்கால் மணி. பேத்தியோடு வீடியோவில் பேசச் சொல்லிக்கொடுத்தது அரை மணி. அந்த அரை மணிக்குப் பக்கத்தில் அவரே கால் மணி சேர்த்து எழுதினார். என்ன இது என்று கேட்டேன். "உங்கள் பொறுமைக்கு" என்றார்.

சட்டதிட்டங்களும் இருந்தன. ஜனவரிக் குளிரிலும் காலையும் மாலையும் ஐந்து நிமிடம் ஜன்னலை விரியத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். காலி பாட்டில்களை ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் தொட்டியில் போடக் கூடாது, சத்தம் கேட்கும். பனி பெய்தால் வார நாளில் காலை ஏழு மணிக்குள் வாசல் நடைபாதையைத் தள்ளிச் சுத்தம் செய்தாக வேண்டும். தாளிக்கலாம், ஆனால் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு. காய்ந்த ரொட்டியைக் குப்பையில் போடவே கூடாது.

இந்தக் கடைசி விஷயத்தைக் கஞ்சத்தனம் என்றுதான் நானும் நினைத்தேன். 1944 நவம்பர் 27 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டு அந்த ஊரின் பழைய பகுதியைத் தரைமட்டமாக்கின. பெரிய தேவாலயமும் அதன் கோபுரமும் எப்படியோ தப்பி நின்றன. அப்போது வீட்டுக்காரம்மாவுக்கு ஆறு வயது. நகரப் பூங்காவில் ஒரு வாத்துக்குச் சிலை இருக்கிறது. அன்றைக்குக் குண்டு விழும் முன்பே கத்தி ஊரை எச்சரித்த வாத்து என்று கதை. ஒருநாள் என்னை அங்கே கூட்டிப்போய்க் காட்டினார். அதன் பிறகு வந்த பசியைப் பற்றி இரண்டே வரிதான் சொன்னார். அப்புறம் நான் ரொட்டியைத் தூக்கிப்போடவில்லை.

இப்போது என் பெரியப்பா வீட்டுக் கதை. கோயம்புத்தூரில் நாலு வருடம் அவர் வீட்டில் தங்கித்தான் இன்ஜினியரிங் படித்தேன். ஒரு பைசா வாங்கவில்லை. பெரியம்மா தன் பிள்ளைகளுக்கு வைத்த அதே மீனை எனக்கும் வைத்தார். பொய் சொல்லக் கூடாது, பாசமான வீடுதான். ஆனால் இன்றுவரை எந்தக் கல்யாண வீட்டிலும், "இவன் நம்ம வீட்ல இருந்துதான் படிச்சான்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். கேஸ் சிலிண்டர் தூக்கியதும், ரேஷன் கடை வரிசையில் நின்றதும், தங்கைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் எந்த நோட்டிலும் இல்லை. அந்தக் கடன் எவ்வளவு, எப்போது அடையும் என்று யாருக்கும் தெரியாது. அடையக் கூடாது என்பதுதான் ஏற்பாடோ என்று எனக்கு ஒரு சந்தேகம். (பெரியப்பா முகநூலில் இல்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.)

ஃப்ரைபுர்கில் மாதக் கடைசியில் 16 மணி முடிந்துவிட்டால் நான் யாருக்கும் எதுவும் பாக்கியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம். எழுந்துபோய் அவரோடு உட்கார்ந்து பேசினால், அது பேச வேண்டும் என்று தோன்றிப் பேசுவது.

கஷ்டம் இல்லாமலில்லை. முதல் தீபாவளிக்கு முன்கூட்டிச் சொல்லாமல் நண்பர்கள் இருவரைக் கூட்டிவந்து, அவர் முகம் மாறியதைப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன். அன்று இரவு வீட்டுக்கு ஃபோன் செய்து அழுதேன். ராத்திரி ஒரு மணிக்குப் பரோட்டா சாப்பிட ஆள் வேண்டும் என்கிறவர்கள் நம்ம பசங்களோடே ரூம் எடுங்கள், அதில் தப்பே இல்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் அவருக்குச் சளி, காய்ச்சல். மிளகு ரசம் வைத்து, சோற்றைக் குழையக் கரைத்துக் கொடுத்தேன். மறுநாள் நோட்டில் அவர் கையெழுத்தில், "சூப், 2 மணி நேரம்." எனக்குச் சுருக்கென்றது. அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் மறுபடி எழுதினார். மறுபடி அடித்தேன். "இது வேலை இல்லை" என்றேன். நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் இனி என்னை 'டூ' என்று கூப்பிடு" என்றார்.

அதுவரை எங்களுக்குள் 'ஸீ', அதாவது நீங்கள். 'டூ' என்றால் நீ. மூத்தவர் சொன்னால்தான் இளையவர் அப்படிக் கூப்பிடலாம். எண்பது தாண்டியவரை நீ என்பதா என்று ஒரு வாரம் நாக்குக் கூசியது. அப்புறம்தான் உறைத்தது, ஊரில் எங்கள் ஆச்சியை நான் என்றைக்கு நீங்கள் என்றேன்?

படிப்பு முடிந்து வேலைக்காக ஸ்டுட்கார்ட் கிளம்பியபோது கடைசி மாதக் கணக்கில் நான் இரண்டு மணி நேரம் குறைந்திருந்தேன். பணமாகத் தருகிறேன் என்றேன். தலையாட்டி மறுத்துவிட்டு, "இலையுதிர் காலத்தில் வா, தோட்டத்தில் இலை வாரணும்" என்றார். போன அக்டோபரில் போனேன். வாரி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. இப்போது அவர் எனக்கு ஒரு மணி நேரம் பாக்கி, நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.