முல்லைக்குத் தேர், கற்றாழைக்குக் குடை

(அமெரிக்காவின் டென்வர் நகரம். மார்ச் மாதத்து ஈரப்பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டின் தெற்குச் சுவரோரம் மாப்பிள்ளை ஒரு செடிக்குக் குடை பிடித்தபடி நிற்கிறார். அவர் தலையில் பனி ஏறிக்கொண்டிருக்கிறது. சாத்தூரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் அத்தை, இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்.)

அத்தை: மாப்பிள்ளை, குடைக்கு வெளியே நிற்கிறீர்களே!

மாப்பிள்ளை: குடை எனக்கில்லை அத்தை. செடிக்கு.

அத்தை: இந்த ஆனைக் கற்றாழைக்கா? எங்கள் ஊரில் தண்டவாளம் நெடுக நிற்கிறது. ஆடுகூட வாய் வைக்காது.

மாப்பிள்ளை: அது வேறு இனம். மைனஸ் 10 டிகிரி வந்தாலே கூழாகிவிடும். இது அகாவே பாரியி. அரிசோனா, நியூ மெக்சிகோ மலைகளில் வளர்வது. 2022 டிசம்பரில் இங்கே மைனஸ் 31 வரை போனது. குழாய் வெடித்தது, கார் கிளம்பவில்லை. இது மட்டும் அசையவில்லை.

அத்தை: பாரியா? முல்லைக்குத் தேர் கொடுத்தாரே, அவரா?

மாப்பிள்ளை: இவர் சார்லஸ் பாரி. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கொலராடோ மலைகளில் செடி தேடி அலைந்தவர்.

அத்தை: அந்தப் பாரியாவது தேரைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நீங்கள் இங்கேயே நிற்கிறீர்கள். மைனஸ் 31க்கே அசையாததற்குக் குடை எதற்கு?

மாப்பிள்ளை: இதைக் குளிர் கொல்லாது அத்தை, ஈரம்தான் கொல்லும். குளிர்காலத்தில் தூங்குகிற செடி. அப்போது தண்ணீர் தேங்கினால் குருத்து அழுகிவிடும். அதற்குத்தான் மேடு கட்டி, மண்ணில் பாதிக்கு மேல் சரளை கலந்து, குருத்தில் விழுவது வழிந்தோடட்டும் என்று சற்றே சாய்த்து நட்டேன். செப்டம்பருக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.

அத்தை: ஒரு சொட்டுக்கூடவா?

மாப்பிள்ளை: ஒரு சொட்டுக்கூட.

அத்தை: வெள்ளிக்கிழமைகளிலுமா?

மாப்பிள்ளை: (குடை தாழ்கிறது) வெள்ளிக்கிழமை என்ன அத்தை?

அத்தை: அரிசி களைந்த தண்ணீர். ஒரு செம்புதான். டிசம்பரில் நான் வந்ததிலிருந்து.

மாப்பிள்ளை: தண்டவாளத்துக் கற்றாழைக்கு யார் அத்தை தண்ணீர் ஊற்றினார்கள்?

அத்தை: அது தானாக நின்றது. இது 45 டாலர் என்று உங்கள் வீட்டுக்காரி சொன்னாள். காசு கொடுத்து வாங்கியதைப் பட்டினி போடலாமா? இரவில் குளிருமே என்று பாலித்தீன் பைகூடக் கவிழ்த்துக் கட்டினேன். நீங்கள் எழுவதற்குள் எடுத்துவிடுவேன்.

மாப்பிள்ளை: காற்றுப் புகாமலா?

அத்தை: எறும்புகூடப் புகாது.

(மாப்பிள்ளை மண்டியிட்டு நடுக்குருத்தைப் பிடித்து இழுக்கிறார். நல்ல செடியாக இருந்தால் முள் குத்திக் கைதான் கிழியும். இதுவோ வெந்த முருங்கைக்காய்போல வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது. வாடையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது.)

மாப்பிள்ளை: மைனஸ் 31க்குச் சாகாதது…

அத்தை: மனதை விடாதீர்கள். இதுவும் வாழை மாதிரிதானே? பூத்தால் எப்படியும் சாகிற சாதி.

மாப்பிள்ளை: பூத்துவிட்டுச் சாகும் அத்தை! பத்து இருபது வருஷம் இருந்து, இரண்டாள் உயரத்துக்குத் தண்டு விட்டு, மஞ்சளாகப் பூத்துவிட்டு! இது அரிசித் தண்ணீர் குடித்துச் செத்திருக்கிறது.

அத்தை: வாழை என்றால் பக்கக்கன்று இருக்க வேண்டுமே. இதோ, சரளைக்குள்ளிருந்து ஒன்று எட்டிப் பார்க்கிறது!

(கைப்பிடி அளவுக் கன்று. சாம்பல் நிறத்தில் தாமரை மொட்டுப் போல இறுக்கமாக இருக்கிறது. இலை நுனிகளில் கறுத்த முள். மாப்பிள்ளை தொட்டுப் பார்க்கிறார். விரலில் இரத்தம். முகத்தில் மகிழ்ச்சி.)

மாப்பிள்ளை: கெட்டியாக இருக்கிறது! இது மட்டும் எப்படித் தப்பியது?

அத்தை: இன்றைக்குத்தானே என் கண்ணில் பட்டது.

மாப்பிள்ளை: (குடையைக் கன்றுக்கும் அத்தைக்கும் நடுவே தாழ்த்திப் பிடித்தபடி) அத்தை, உங்கள் டிக்கெட் எந்தத் தேதிக்கு?