அந்த ஆய்வு முதல் வேலையைப் பற்றியது அல்ல

“வேலைகளில் பெரும்பாலானவை விளம்பரத்துக்கே வருவதில்லை என்று கிரனோவெட்டர் நிரூபித்துவிட்டார், புதிதாக வேலை தேடுபவர்கள் விண்ணப்பிப்பது வீண்” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆய்வு உண்மைதான், முடிவு தப்பு.

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1970களில் வெளியிட்ட அந்த ஆய்வு, அமெரிக்காவில் பாஸ்டன் அருகே உள்ள நியூட்டனில் நடந்தது. அவர் கேட்டது யாரிடம்? தொழில்நுட்ப, நிர்வாக வேலைகளில் இருந்துகொண்டு அண்மையில் வேலை மாறிய ஆண்களிடம். படிப்பை முடித்துவிட்டு முதல்முறை வேலை தேடுபவர்களிடம் அல்ல. அதிலும் தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்கள் சுமார் 56 சதவீதம்தான். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நேரடியாக நிறுவனத்தை அணுகியே வேலை வாங்கியிருந்தார். விளம்பரம், வேலைவாய்ப்பு முகமை வழியாகப் போனவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. இதை ‘வீண்’ என்று எப்படிச் சொல்வது?

அப்புறம் இன்னொன்று. எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்கள்தான் அதிகம் உதவினார்கள் என்பது அவருடைய புகழ்பெற்ற முடிவு. முதல் வேலைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஸ்வீடன் தரவை வைத்து பொருளாதார ஆய்வாளர்கள் கிரமார்ஸ், ஸ்கான்ஸ் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்களின் முதல் நிலையான வேலைக்குப் பெற்றோர் வேலை பார்க்கும் இடம் ஒரு முக்கிய வழியாக இருந்தது. குறைவாகப் படித்தவர்களிடம் இது இன்னும் அதிகம். அப்படி உதவக்கூடிய பெற்றோர் இல்லாதவரிடம் போய் ‘விண்ணப்பிக்காதே’ என்றால், அவருக்கு மிச்சமிருக்கும் வழியையும் அடைப்பதாகத்தான் ஆகும்.