பல் முளைத்தால் காய்ச்சல் வருமா?

“பல் முளைக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும் வழமை, மருந்து தேவையில்லை” என்று வெள்ளவத்தைப் பக்கம் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு சுற்றுகிறது. பிழை. வீணி வடியும், முரசு கொஞ்சம் வீங்கும், பிள்ளை சிணுங்கும், அவ்வளவுதான். 38 பாகை செல்சியஸைத் தாண்டும் காய்ச்சலைப் பல்லின் தலையில் போடாதீர்கள்.

ஆறு மாதமளவில் தாயிடமிருந்து கிடைத்த எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அதே நேரம் தவழும் பிள்ளை செருப்பு, சாவிக்கொத்து என்று எல்லாவற்றையும் வாயில் வைக்கிறது. பல்லும் அப்போதுதான் எட்டிப் பார்ப்பதால் பழி அதன்மேல் விழுகிறது, பாவம்.

வயிற்றோட்டம் என்றால் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஜீவனியை (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) பொதியில் எழுதியுள்ள அளவுப்படி கரைத்துக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ பிள்ளை சோர்ந்தாலோ உடனே வைத்தியரிடம் போங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்கே நேரே. முதற்பல் முளைத்ததைக் கொண்டாடும் பல்லுக்கொழுக்கட்டையைப் பிறகு அவிக்கலாம்.