ஆர்ட்டுராவின் பேட்டரி சின்னதுதான், அதனாலென்ன?

பெட்ரோலிலும் கரண்டிலும் ஓடும் ஹைப்ரிட் ஸ்போர்ட்ஸ் காரான மெக்லாரன் ஆர்ட்டுரா பேச்சு வந்தாலே முதல் கேள்வி, "கரண்ட்ல எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" 2021-ல் அறிமுகமான மாடலுக்கு 30 என்றதும் ஒரு நக்கல் சிரிப்பு. இந்தியாவில் 5.1 கோடிக்கு வந்த கார், ஒரு ஸ்கூட்டர் அளவுக்குக்கூட ஓடாதா என்று.

கேள்வியே கோணல். அந்த 7.4 யூனிட் பேட்டரி ஊர் சுற்ற வைத்ததல்ல. 3 லிட்டர் வி6 எஞ்சினில், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இரண்டு. மிதித்ததும் டர்போ வேகம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். அந்த இடைவெளியை கியர்பாக்ஸ் கூட்டுக்குள் இருக்கும் தட்டையான மோட்டார் 225 நியூட்டன் மீட்டர் இழுவையோடு நிரப்பிவிடுகிறது. எஞ்சின் 585, மோட்டார் 95, மொத்தம் 680 குதிரைத்திறன். மோட்டாரின் முழுச் சக்தியையும் விடாமல் உறிஞ்சினால் பேட்டரி ஏழு நிமிடம்கூடத் தாங்காது, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் வேலை சில விநாடித் துணுக்குகளில் முடிந்துவிடுகிறது.

எடைதான் முக்கியம். பேட்டரி 88 கிலோ, மோட்டார் 15.4, ஹைப்ரிட் சாமான் மொத்தமும் 130 கிலோ. எஞ்சினே மெக்லாரனின் பழைய வி8-ஐ விட 50 கிலோ குறைவு. பேட்டரியை இரட்டிப்பாக்கியிருந்தால் அந்த மிச்சமெல்லாம் போயிருக்கும். கியர்பாக்ஸில் ரிவர்ஸ் கியரே கிடையாது. மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிட்டால் வண்டி பின்னால் போகிறது, அவ்வளவுதான்!

பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறாது என்பதில்தான் எனக்கு அரை மனசு. பெடலின் உணர்வு கெடக்கூடாது என்று வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். ரேஸ் டிராக்கில் சரி. டிராஃபிக்கிலோ பெட்ரோலை எரித்துத்தான் பேட்டரியை நிரப்பவேண்டும்.

அதனால் ராத்திரி வீட்டிலேயே போட்டுவிடுங்கள், 80 சதவீதத்துக்கு இரண்டரை மணி நேரம். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறும். எர்த் சரியில்லையென்றால் சார்ஜிங் கேபிளில் இருக்கும் பெட்டி சார்ஜ் ஏற்ற மறுக்கும். கேபிள் பழுது என்று ஓடாமல் முதலில் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

வாரக்கணக்கில் நிறுத்தினால் 12 வோல்ட் சின்ன பேட்டரிக்கு, சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டனர் மாட்டுங்கள். பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் ஸ்விட்சுகளான ரிலேக்கள் அந்த 12 வோல்ட்டில்தான் இயங்குகின்றன. அது இறங்கிப்போனால், உள்ளே ஏழு யூனிட் இருந்தும் கார் அசையாது. பெட்டி நிறைய பணம், பூட்டுக்குச் சாவி இல்லாத கதைதான்.

செகண்ட் ஹேண்டில் தேடுபவர்களுக்கு ஒன்று. எரிபொருள் உயர் அழுத்தக் குழாயின் நட் தளர்ந்து கசியலாம், தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்று 2023 மாடல் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். நீங்கள் பார்க்கும் வண்டியும் அந்தக் காலத்தது என்றால், சேஸிஸ் நம்பரைக் கொடுத்து அது பட்டியலில் உண்டா, வேலை முடிந்ததா என்று கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.