மல்லி வாசம் அடித்தால் ஆம்பளை இல்லையா?

போன சனிக்கிழமை நடந்தது இன்னும் நெஞ்சை விட்டு இறங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சென்னையில் ஒரு மாலுக்குள் இருக்கிற சென்ட் கடை. உள்ளே போனதும் நான் கேட்டது ஒன்றே ஒன்று. தம்பி, மல்லி வாசம் தூக்கலாக இருக்கிற மாதிரி ஏதாவது காட்டுப்பா. யாருக்கு சார் என்றான். எனக்குத்தான் என்றேன். ஏற இறங்கப் பார்த்தான். "அதெல்லாம் லேடீஸ் சார், இப்படி வாங்க, ஜென்ட்ஸ்ல செம ஐட்டம் வந்திருக்கு" என்று கையைப் பிடிக்காத குறையாக அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். வேண்டாம்பா, மல்லிதான் வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். அதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. "உங்க பர்சனாலிட்டிக்கு அது செட் ஆகாது சார்."

என்னைப் பார்த்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. எந்த ஊர்க்காரன், என்ன வேலை, எதற்குக் கோபப்படுவேன், எதைப் பார்த்தால் கண் கலங்கும், எதுவும் தெரியாது. மீசையைப் பார்த்தான், என் குணத்தை முடிவு செய்துவிட்டான்.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பேப்பர் பட்டையில் அடித்து நீட்டினான். இது ஆல்ஃபா சார். இது பாஸ் லுக். இது பீஸ்ட் மோட், நீங்க லிஃப்ட்ல ஏறினா இறங்கின பிறகும் வாசம் நிக்கும். ஆறோ ஏழோ பட்டை மோந்திருப்பேன், கண்ணை மூடிக்கொண்டால் எது எதென்று பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றிலும் அதே வெட்டின எலுமிச்சை, அதே உலோகக் குளிர்ச்சி, அதே துவைத்த துணி வாசம். அது வெறும் பிரமையும் இல்லை. டைஹைட்ரோமிர்செனால் என்று ஒரு பொருள், சோப்பிலும் துணி துவைக்கிற பவுடரிலும் போடுவது. அதை அள்ளிப் போட்டு 1982இல் டிராக்கர் நுவார் என்கிற ஆண்கள் சென்ட் வந்தது, 1988இல் டேவிடாஃப் கூல் வாட்டர் வந்து உலகமெல்லாம் ஓடியது, அன்றிலிருந்து அந்தச் சலவை வாசத்துக்கு ஆம்பளை வாசம் என்று பெயர். நீல பாட்டிலில் ஊற்றி மூடி போட்டால் முடிந்தது. இதில் எங்கே இருக்கிறது என் பர்சனாலிட்டி?

சரி, வாசத்தை விடுங்கள், அந்த அலமாரியில் நிற்கிற பாட்டில்களைக் கொஞ்சம் பாருங்கள். பாக்கோ ரபானின் 1 மில்லியன், 2008இல் வந்தது, தங்கக்கட்டி வடிவம். அதே கம்பெனியின் இன்விக்டஸ், 2013, ஜெயித்தவனுக்குக் கொடுக்கிற கோப்பை. விக்டர் அண்ட் ரோல்ஃபின் ஸ்பைஸ்பாம், 2012, கையெறி குண்டு. அஸாரோவின் தி மோஸ்ட் வாண்டட், ரிவால்வரில் தோட்டா போடுகிற உருளை. பணம், ஜெயிப்பு, குண்டு, துப்பாக்கி. ஒரு ஆம்பளைக்கு இருக்கக்கூடிய குணம் இந்த நாலுதானா? நிதானமானவனுக்கு என்ன பாட்டில்? கூச்சப்படுகிறவனுக்கு? ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல்கார பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹாலில் நடக்கிறவனுக்கு? அவனெல்லாம் ஆம்பளை கணக்கில் வரமாட்டானா?

விளம்பரம் இதைவிட மோசம். இவன் சென்ட் அடிப்பானாம், பெண்கள் வந்து மேலே விழுவார்களாம். இருபது முப்பது வருஷமாக இதையே காட்டிக் காட்டி, 2022இல் ஒரு பாடி ஸ்ப்ரே விளம்பரம் கூட்டுப் பாலியல் வன்முறையை நினைவுபடுத்துகிற அளவுக்குப் போய், மத்திய அரசே யூடியூபிலிருந்தும் ட்விட்டரிலிருந்தும் அதைத் தூக்கச் சொன்னது. வேட்டை மிருகம் மாதிரி இருக்கிறவன்தான் ஆண் என்று சொல்லிச் சொல்லி விற்றால் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்.

இதில் எனக்கு வயிறு எரிவது எதற்கென்றால், இவர்கள் சொல்கிற அந்த 'ஆம்பளைத்தனம்' எப்போதும் இப்படி இருந்ததே இல்லை. நம் அப்பாக்கள் ஷேவ் செய்துவிட்டுக் கன்னத்தில் தட்டிக்கொண்ட ஓல்ட் ஸ்பைஸ் இருக்கிறதே, அமெரிக்காவில் ஷுல்டன் கம்பெனி 1937இல் அந்தப் பெயரில் முதலில் இறக்கியது பெண்களுக்கான சரக்கைத்தான். ஆண்களுக்கானது அதற்கு அடுத்த வருஷம்தான் வந்தது. இன்னொன்று கேளுங்கள். டியோர் கம்பெனியின் சோவாஜ், 2015இல் வந்தது, விளம்பரத்தில் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் பாலைவனத்தில் காரை ஓட்டிக்கொண்டு போய் மண்ணைத் தோண்டி நகையைப் புதைப்பாரே, அது. சோவாஜ் என்றால் பிரெஞ்சில் காட்டுத்தனமானது என்று அர்த்தம். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? அதே கம்பெனி 1966இல் விட்ட ஓ சோவாஜிலிருந்து. எட்மண்ட் ருட்னிட்ஸ்கா என்கிற பேர்போன சென்ட் கலைஞர் செய்தது, ஆண்கள் சென்ட் வரலாற்றில் அதைச் சொல்லாமல் யாரும் தாண்டமாட்டார்கள். அது அவ்வளவு பேர் வாங்கியதற்குக் காரணம் ஹெடியோன் என்கிற ஒரு பொருள். அந்த ஹெடியோன் எங்கே பிறந்தது தெரியுமா? மல்லிகையில்! மல்லிகைச் சாற்றைப் பிரித்து ஆராயப் போய்க் கிடைத்தது, வாசமும் லேசான மல்லி வாசம்தான். 'காட்டுத்தனம்' என்று பெயர் வைத்து ஆண்களுக்கு விற்ற பாட்டிலுக்குள் மல்லியை வைத்திருக்கிறான், அதே மல்லியை மல்லி என்று பெயர் சொல்லிக் கேட்டால் எனக்கு செட் ஆகாதாம்.

நான் நிலக்கோட்டைப் பக்கத்துக்காரன். எங்கள் தாத்தா மல்லித் தோட்டம் வைத்திருந்தவர். விடிவதற்கு முன்னால், மூன்றரை நாலு மணிக்கே, நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார், பூ மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வேட்டியை மடியாகக் கட்டி அதில் பறித்துப் போடுவார், பனியில் வேட்டி முழங்கால் வரை நனைந்திருக்கும், கட்டை விரல் நகக்கண்ணில் காம்பின் பச்சை ஏறிக் கிடக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஈரச்சாக்கில் கட்டி டிவிஎஸ் 50இல் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார். விலை விழுந்த நாளில் அது சென்ட் ஃபேக்டரிக்குப் போகும், வேறு வழியில்லை. அங்கே சாறு எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். சாயங்காலம் அவர் திண்ணையில் படுத்திருக்கும்போது பக்கத்தில் போய்ப் படுத்தால் துண்டிலிருந்து மல்லி வாசமும் வேர்வையும் பீடியும் கலந்து அடிக்கும். எனக்கு ஒரு ஆம்பளையின் வாசம் என்றால் இன்றைக்கும் அதுதான். ஊரில் அவர் முன்னால் நின்று, என்னய்யா பொம்பளை வாசம் அடிக்குது என்று கேட்க எவனுக்காவது வாய் வந்திருக்குமா?

கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறார்கள், அது ரோஜா. ஆம்பளை பொம்பளை பார்த்தா தெளிக்கிறார்கள்? கோயிலுக்குப் போகிற பெரியவர்கள் ஜவ்வாது பூசிக்கொண்டுதான் போனார்கள். மாப்பிள்ளைக்கு மாலை போடுகிறோம், கதம்பத்தில் மரிக்கொழுந்து வைத்துக் கட்டுகிறோம். இத்தனை வாசத்தோடு வாழ்ந்த ஊரில் வந்து ஒருவன் இது உனக்கில்லை என்கிறான், நாமும் தலையை ஆட்டிவிட்டு நீல பாட்டிலை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

நான் பிடிவாதமாக லேடீஸ் பக்கமே போய் ஒன்றை எடுத்தேன். பில் போடுகிற இடத்தில் "கிஃப்ட் பேக் பண்ணிடலாமா சார், மேடத்துக்குத்தானே?" எனக்கு என்றேன். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துச் சிரித்தான். திங்கட்கிழமை ஆபீசுக்கு அடித்துக்கொண்டு போனால் அங்கேயும் அதே சிரிப்பு, "என்ன ப்ரோ, வீட்ல பாட்டில மாத்தி எடுத்துட்டீங்களா?" நாலு பேர் சேர்ந்து சிரித்தார்கள். ஏசி அறைக்குள் மூச்சு முட்ட முட்ட 'பீஸ்ட் மோட்' அடித்துக்கொண்டு வருகிறவனை இதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேற்று வேலை முடிந்து நேராகத் திருவல்லிக்கேணிக்குப் போனேன். பெரிய பள்ளிவாசல் பக்கம் ஒரு சின்ன அத்தர் கடை. மல்லி இருக்கா பாய் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை, என் புறங்கையைத்தான் பார்த்தார். கண்ணாடிக் குச்சியால் ஒரு தொடு தொட்டு வைத்துவிட்டு, "வெயில்ல சுத்துற வேலையா, ஏசி வேலையா?" என்று கேட்டார். ஏசிதான் என்றேன். "அப்ப இது கொஞ்சம் போதும், காது மடலுக்குப் பின்னால வையுங்க, கால் மணி நேரம் கழிச்சு மோந்து பாருங்க" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு கேள்வி கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் தாத்தாவின் அந்தத் துண்டு வாசம் வந்துவிட்டது.

நாளைக்கும் அதைத்தான் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகிறேன்.