அந்தப் பையனுக்கு ஒரு வாழ்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

டெட்ரிஸ் என்கிற வீடியோ கேமை ஜெயித்த பையனைப் பற்றிய வீடியோவை நேற்று மறுபடியும் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். 13 வயது வில்லிஸ் கிப்சன் செய்தியை வாசித்த கையோடு பிரிட்டிஷ் டிவி சேனலான ஸ்கை நியூஸின் வாசிப்பாளர், "ஒரு தாயாகச் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து, வெளியே போய்க் காற்று வாங்கு, டெட்ரிஸை ஜெயிப்பது வாழ்க்கை லட்சியமில்லை என்று புத்தி சொன்னாரே, அதேதான். 2024 ஜனவரியில் நடந்தது. இன்றைக்கும் நம் ஆட்கள் "சரியாச் சொன்னாங்க" என்று பகிர்வதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

அவன் என்ன செய்தான் என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா?

நின்டெண்டோ கேம் மெஷினில் 1989இல் வந்த ஆட்டம் அது. மேலிருந்து விழும் கட்டைகளை நகர்த்தி, இடைவெளி இல்லாமல் வரிசையாக அடுக்க வேண்டும். 29ஆவது லெவலுக்குப் போனால், மேலே தோன்றும் கட்டை 20 வரிசையையும் தாண்டி அடியில் விழ ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். பட்டனை அழுத்திப் பிடித்தால் கட்டை ஓரத்துக்குப் போவதற்குள் கீழே உட்கார்ந்துவிடும். அதோடு ஆட்டம் முடிந்தது என்றுதான் பல வருஷம் எல்லோரும் நம்பினார்கள். 2011இல் தோர் ஆக்கர்லண்ட் என்கிற ஆட்டக்காரர் விரலைப் படபடவென்று தட்டி 30ஐத் தொட்டதே பெரிய பேச்சு. பிற்பாடு 'ரோலிங்' வந்தது. ஒரு கட்டைவிரலைப் பட்டன்மேல் சும்மா வைத்துக்கொண்டு, மறு கை விரல்களால் கன்ட்ரோலரின் முதுகில் கடம் வாசிப்பதுபோல் வரிசையாகத் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பட்டன் எழும்பி வந்து கட்டைவிரலில் அழுந்தும். நொடிக்கு 20 தடவைக்கு மேல்!

138ஆவது லெவலிலிருந்து நிறமெல்லாம் கோளாறாகிவிடும். சில லெவல்களில் இருட்டுக்குள் கட்டையே சரியாகத் தெரியாது. அதையெல்லாம் தாண்டி, 2023 டிசம்பர் 21 அன்று 157ஆவது லெவலில் அந்த ஆட்டத்தையே உறைய வைத்தான். புள்ளிக் கணக்கைப் போட்டு முடிக்க நேரம் போதாமல் மெஷின் நின்றுவிட்டது. அதைத்தான் டெட்ரிஸை ஜெயிப்பது என்கிறார்கள். 34 வருஷத்தில் எந்த மனிதரும் அதுவரை கொண்டுபோகாத இடம். விரல்களில் உணர்ச்சியே இல்லை என்று சொல்லி மூச்சு வாங்கினான்.

அதே டிசம்பரில்தான் அவன் அப்பா இறந்துபோனார். அந்த ஆட்டத்தை அவருக்குத்தான் சமர்ப்பித்தான். அந்தப் பிள்ளையைப் பார்த்தா காற்று வாங்கச் சொல்கிறீர்கள்?

பிள்ளைகள் திரைக்கு அடிமையாவதைப் பற்றிப் பேசக் கூடாதா என்பீர்கள். தாராளமாகப் பேசுங்கள். நானும் மகளிடமிருந்து போனைப் பிடுங்கி வைக்கிற ஆள்தான். ஆனால் அதைப் பேச இந்தப் பையன்தானா கிடைத்தான்? அந்தச் செய்தி வாசிப்பாளர் விளையாட்டாகத்தான் சொன்னார் என்பீர்கள். பிரக்ஞானந்தா 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது யாராவது இப்படி விளையாட்டாகச் சொன்னோமா? அவரும் மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து பழகியவர்தானே! இதனால் யாருக்கு என்ன பயன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 100 மீட்டர் ஓடினால் யாருக்கு என்ன பயன், சொல்லுங்கள்.

என் தம்பி சின்ன வயதில் பிரிக் கேமில் புலி. டெட்ரிஸ் மாதிரியே கட்டை அடுக்கும், கையில் வைத்து ஆடும் சின்ன மெஷின் அது. திருவிழாக் கடையில் வாங்கியது. ஸ்பீடை ஒன்பதில் வைத்துக்கொண்டு ஆடுவான், தெருப் பிள்ளைகள் தோள்மேல் தொங்கிக்கொண்டு பார்ப்பார்கள். ஒருநாள் வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருந்தபோது, வந்திருந்த மாமா ஒருவரிடம் ஆசையாகக் காட்டினான். "இது சோறு போடுமாடா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிட்டான். அதற்கப்புறம் எங்களிடம் எதையுமே காட்டியதில்லை. ஓவியப் போட்டியில் பரிசு வாங்கியதைக்கூட வாத்தியார் சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். மாமா கெட்டவர் இல்லை, அவரும் விளையாட்டாகத்தான் சொன்னார். பெரியவர்களுக்கு மறந்துவிடுகிறது, பிள்ளைகளுக்கு மறப்பதில்லை. படி என்று சொல்லுங்கள், தூங்கு என்று சொல்லுங்கள், அதெல்லாம் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஜெயித்துவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிற அந்த நிமிஷத்தில் சொல்லாதீர்கள்.

அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்களில் சிலர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள். அவன் ஆடிய அந்த ஆட்டத்தை முதலில் முழுசாகப் பாருங்கள், 40 நிமிஷம்கூட இல்லை. பார்த்துவிட்டு வாருங்கள், பேசலாம்.