சலவைக்கடை இல்லை, ஐயா

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கு ஓர் எழுத்து மையம் வேண்டும் என்று கேட்டு வருகிறேன். அதைப் பற்றி வியாழக்கிழமை விழா மேடையில் ஒரு பெரிய மனிதர் பேசியதை எல்லோரும் வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். "எழுத்து மையமா? பிழை வெளுக்கிற சலவைக்கடைன்னு போர்டு மாட்டுங்க." அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் சிலர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. துணி வெளுப்பது மட்டும் என்ன இளப்பமான வேலையா? சரி, அது தனிப் பதிவு.

எழுத்து மையம் சலவைக்கடை இல்லை. காலையில் போட்டுவிட்டு மாலையில் மடித்து வாங்கிப் போகிற இடம் இல்லை. மாணவர் தன் பக்கத்தைத் தானே சத்தமாக வாசிப்பார், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர், "இதில் என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்பார். பேனா மாணவர் கையில்தான் இருக்கும்.

போன மாதம் ஒரு பிள்ளை வந்தாள். ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற பூ டைல்ஸ், செய்கிறவர்களைப் பற்றி ஆய்வு. முதல் பக்கத்தில் 'உலகமயமாக்கல்' ஏழு முறை வருகிறது. கல்லைக் காணோம். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அங்கே போனாயே, என்ன பார்த்தாய்?" என்றேன். பொரிந்து தள்ளினாள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றுகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குகிறார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறல். சூளையே கிடையாது. அந்த வழவழப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது. "கண்ணாடியில கீறல் இருந்தா கல்லுலயும் இருக்கும்னு ஒரு தாத்தா சொன்னாரு மேடம்." சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அதையெல்லாம் எழுதலாமா மேடம்?"

ஐந்து வருஷம் கல்லூரியில் படித்தவள், தன் கண்ணால் பார்த்ததை எழுத அனுமதி கேட்கிறாள். இதை எந்தச் சோப்புப் போட்டு வெளுப்பது?

நானாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை இது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1976-லேயே எழுத்துக்கூடம் தொடங்கியது. 1984-ல் ஸ்டீபன் நார்த் என்ற பேராசிரியர், இதே மாதிரி எரிச்சலில்தான், சக ஆசிரியர்களுக்காக ஒரு கட்டுரை எழுதினார்: எங்கள் வேலை கட்டுரையை மேம்படுத்துவது இல்லை, எழுதுகிற ஆளை மேம்படுத்துவது என்று. நாற்பது வருஷம் ஆகிவிட்டது. காரைக்குடிக்கு இன்னும் தபால் வந்து சேரவில்லை. நம் நாட்டிலேயே, ஹரியானாவில் இருக்கிற அசோகா என்ற தனியார் பல்கலைக்கழகத்தில் எழுத்து மையம் உண்டு. "அது வசதியான பிள்ளைகள் படிக்கிற இடம்" என்பீர்கள். அதைத்தானே நானும் சொல்கிறேன்! வீட்டிலேயே இங்கிலீஷ் கிடைத்த பிள்ளைக்கு மையம்; பக்கத்துக் கல்லலில் இருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைக்கு நக்கல்.

"ஆய்வை வழிநடத்தக் கைடு என்று ஒருவர் எதற்கு இருக்கிறார்?" நல்ல கேள்வி. ஒரு பேராசிரியரிடம் 8 பிஎச்.டி. மாணவர்கள் வரை இருக்கலாம். அதோடு வகுப்பு, கல்லூரிக்குத் தரச்சான்று தருகிற நாக் அமைப்புக்கான கோப்பு, விடைத்தாள். அதை விடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவரிடம் போய் எந்தப் பிள்ளை "எனக்குப் புரியலை சார்" என்று சொல்லும்?

"ஏஐ இருக்கே!" இருக்கட்டும். வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கும் அதையே அனுப்புங்கள்.

"நாங்களெல்லாம் யார் உதவியும் இல்லாமல் எழுதினோம்." இதை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், ஊரில் நின்றுகொண்டா சொல்வது? பர்மாவுக்குக் கப்பல் ஏறிய எங்கள் ஐயா (தாத்தா), கடையில் பெட்டியடிப் பையனாக, கடைசி எடுபிடியாகத்தான் ஆரம்பித்தார். அடுத்தாள், அதாவது முதலாளுக்கு அடுத்த நிலையில் இருப்பவர், பேரேடு எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் பழகியவர். அதற்குத் தொழில் பழகுவது என்று பெயர். யாரும் சிரிக்கவில்லை.

யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஆய்வேட்டில் அடுத்தவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் தண்டனை ஆரம்பம். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பிடிப்பதற்கு மென்பொருள் வாங்கியாயிற்று. பயிற்சி கொடுங்கள் என்றும் அதே விதி சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் புரட்டுவதில்லை. அடுத்தவர் கருத்தைத் தன் வார்த்தையில் சொல்லிப் பழக ஓர் அறை, இரண்டு மேஜை, ஒரு ஃபேன் கேட்டால் காசில்லை. வியாழக்கிழமை மேடைக்கு மட்டும் அவ்வளவு பூ.

கோபமாகத்தான் எழுதுகிறேன். என் எம்.பில். ஏட்டின் ஓரத்தில் என் கைடு சிவப்பு மையில் ஒரே சொல் எழுதினார்: மோசம். எது மோசம், ஏன் மோசம், ஒன்றும் இல்லை. வீட்டில் அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டார்கள், "என்னாத்தா எழுதியிருக்காக?" நல்லா இருக்குன்னு போட்டிருக்காக என்றேன். அப்பச்சி போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பொய் அப்படியே இருக்கிறது. அன்றைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். சலவைக்கடையாமே!

நாளைக் காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளை மறுபடி வருகிறாள். பதில் போடத் தாமதமாகும். புதிதாக எழுதிய முதல் பத்தியை இப்போதுதான் அனுப்பினாள். கண்ணாடிக் கீறலில் ஆரம்பிக்கிறது. மூன்றாவது வரியில் ஒரு ஒற்றுப்பிழை இருக்கிறது. அவளே பார்க்கட்டும்.